தேயிலைக்கு முன் வந்த செடி

நான் பிறந்த தோட்டத்தில் ஒரு மலைக்குக் கோப்பிமலை என்று பெயர். காலையில் பிரட்டுக்களத்தில் கங்காணி "இன்னைக்குக் கோப்பிமலை" என்று சத்தம் போடுவார். அம்மா கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பள்ளி இல்லாத நாளில் நானும் பின்னால் போவேன். கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். ஒரு கோப்பிச் செடியைக்கூட நான் அங்கே கண்டதில்லை.

ஒருநாள் அப்பாயியிடம் கேட்டேன். அப்பாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அது எம் பாட்டன் பூட்டன் காலத்துப் பேரு புள்ள. செடி போயிருச்சு, பேரு நின்னுருச்சு."

பிறகு என்னைக் கையைப் பிடித்துப் பீலிக்கு மேலே கூட்டிப்போனார். நாங்கள் குளிக்கிற பீலிக்குத் தண்ணீர் வருகிற ஊற்றோரம், பெரிய பலாமரத்தின் அடியில், ஒரு செடி நின்றது. இரண்டு பக்கமும் கிளை விரித்து, மெழுகு பூசியதுபோல் மினுங்கும் இலைகளோடு, கணுவுக்குக் கணு சிவந்த பழங்களோடு நின்றது. ஒரு பழத்தைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். வழவழப்பான தோலுக்குள் இரண்டு கொட்டைகள், முகத்தோடு முகம் ஒட்டியபடி. "இதுக்குத்தான் நம்மாளுக கடல் தாண்டி வந்தாக" என்றார்.

பின்னாளில் நான் ஆசிரியை ஆனேன். முப்பத்தொரு வருடம் மலையகப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்தேன். ஒவ்வொரு வருடமும் முதல் பாடத்தில் ஒரே கேள்வியைக் கேட்பேன்: "நம் முன்னோர் எதற்காக இந்த நாட்டுக்கு வந்தார்கள்?" வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "தேயிலைக்கு!" என்று சொல்லும். முப்பத்தொரு வருடமும் அதுதான் பதில். அந்தப் பதிலைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் வர்த்தகத்துக்கான முதல் தேயிலையை நட்டது 1867இல். அதற்கு நாற்பது வருடம் முன்பே எங்கள் ஆட்கள் கண்டிச் சீமைக்கு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைக் கூட்டிவந்தது கோப்பி.

கோப்பி இந்த மலைக்கும் வந்தேறிதான். அதன் பிறந்த வீடு எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடு. வெட்சியும் நுணாவும் அதற்கு உறவுமுறை. மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். வானத்தை மறைக்கும் பெருமரங்களுக்குக் கீழே, இலைகளினூடே வடிந்து வருகிற வெயிலில், அழுகிய சருகு மெத்தையில் வேர் பரப்பி வளர்ந்த குறுமரம் அது. அங்கிருந்து ஏமனுக்குப் போனது. அரபு வணிகர்கள் வழியாகவே இலங்கைக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் கண்டி நாட்டுச் சிங்களக் கிராமங்களில் கொட்டையை வறுத்துக் குடிக்கும் பழக்கம் அப்போது இல்லை. இளம் இலையைக் கறிக்குச் சேர்த்தார்கள், மல்லிகைபோல் மணக்கும் பூவை விகாரையில் வைத்தார்கள் என்று பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். பூவுக்காக ஒரு செடியை வளர்த்த மக்கள் அவர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது.

ஒல்லாந்தர் 1740 அளவில் கரையோரத் தாழ்நிலத்தில் பயிரிட்டுப் பார்த்தார்கள். செழிக்கவில்லை. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனதும் மலைக்கு வழி திறந்தது. 1820களின் நடுவில் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்டும், பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவவில் ஆளுநர் எட்வர்ட் பான்ஸும் கோப்பித் தோட்டம் போட்டார்கள். ஆளுநரே தோட்டக்காரர் ஆனபின் சலுகைக்குக் குறைவிருக்குமா? கோப்பி நிலத்துக்கு வரிவிலக்கு வந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி வந்தது.

1830களில் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. அங்கே கோப்பி உற்பத்தி சரிந்தது. அதே சமயம் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இங்கிலாந்தில் ஒரே தீர்வை என்று ஆனது. அதன்பின் மலைநாட்டில் நிலத்துக்குப் பேய் பிடித்ததுபோல் ஓட்டம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் உறுதி இல்லாத காட்டை எல்லாம் அரசுடைமை ஆக்கியது. அந்தக் காடு ஏக்கர் ஐந்து சிலிங் விலையில் கைமாறியது. 1847இல் விலை விழுந்து பல துரைமார் நொடித்துப் போனார்கள். ஆனாலும் கோப்பி எழுந்தது. 1870இல் ஏற்றுமதி பத்து லட்சம் அந்தரைத் தாண்டியது. எழுபதுகளின் கடைசியில் சுமார் 2,75,000 ஏக்கர் கோப்பி நின்றது.

அந்தத் தோட்டங்களை எழுப்பிய விதத்தையும் சொல்ல வேண்டும். காட்டை மலையடியிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் எந்த மரத்தையும் முழுதாக வெட்டுவதில்லை, பாதியோடு விட்டுவிடுவார்கள். உச்சிக்குப் போனதும் மேல்வரிசை மரங்களை முழுதாகச் சாய்ப்பார்கள். அவை கீழ்வரிசை மேல் விழ, அது அதற்கும் கீழே உள்ளதன் மேல் விழ, முழு மலையும் ஒரே இரைச்சலோடு சரியும். இந்தக் கோடரி வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் குத்தகைக்குச் செய்தார்கள். சாய்ந்த காடு காய்ந்ததும் தீ வைப்பார்கள். அந்தச் சாம்பல் மேட்டில்தான் எங்கள் ஆட்களின் வேலை தொடங்கும். கயிறு பிடித்து, குச்சி நட்டு, ஆறடிக்கு ஆறடி குழி வெட்டி, ஏக்கருக்குச் சுமார் 1,200 கன்று வைத்தார்கள். நிழல்மரம் வேண்டாம் என்பதே பெரும்பாலான துரைமாரின் முடிவு. காட்டு நிழலில் பிறந்த செடி மொட்டை மலையில் வரிசை வரிசையாக நின்றது.

எங்கள் ஆட்கள் வந்த வழி மாத்தளையிலிருந்து வடக்கே போகிற வீதிதான். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து, இராமேஸ்வரக் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கினார்கள். அங்கிருந்து அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் காட்டுநடை. தண்ணீர் இல்லை, தங்க மடம் இல்லை, காய்ச்சல், கொலரா. வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர் பார்க்கப் போகிற ஒவ்வொரு முறையும் நான் வடக்கே போகிற அந்த வீதியைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவேன். இது அப்பாயி பழக்கிய வழக்கம்.

கோப்பிக்காலத்து வாழ்க்கை தேயிலைக்காலத்து வாழ்க்கையைப் போன்றதல்ல. தேயிலையில் வருடம் முழுவதும் கொழுந்து வரும். வாரந்தோறும் கை வைக்க வேண்டும். கோப்பியில் பழம் ஒரு பருவத்தில்தான் பழுக்கும். பழம் பறிக்கிற மாதங்களில் ஆள் நிறைய வேண்டும். அது முடிந்தால் களையெடுக்க, கான் வெட்ட, கவ்வாத்து பண்ண ஒரு சிலர் போதும். அதனால் தங்கள் ஊரில் நெல் வேலை முடிந்ததும் வந்து, புசல் கணக்கில் பழம் பறித்துக் கொடுத்து, கையில் மிஞ்சியதை முடிந்துகொண்டு திரும்பி நடந்தார்கள் பலர். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆனாலும் எல்லோரும் திரும்பிவிடவில்லை. பெண்டு பிள்ளைகளோடு லயத்தில் தங்கியவர்களும் இருந்தார்கள். அப்பாயியின் பூட்டன் அப்படித் தங்கியவர்.

பறித்த பழத்தை அன்றைக்கே இயந்திரத்தில் கொடுத்துத் தோல் நீக்கி, தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, கொட்டையை மேலுறையோடு மாட்டுவண்டியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே மறுபடி காயவைத்து, உறை நீக்கி, பெண்கள் கையால் தரம் பிரித்துக் கப்பலேற்றினார்கள். 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. அந்தப் பாதை மலையேறி வந்ததே கோப்பியை ஏற்றத்தான்.

1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்று ஒரு நூலை வெளியிட்டார். கோப்பிப் பயிர்ச்செய்கையைத் தமிழில் கும்மிப் பாட்டாகக் கட்டிச் சொன்ன நூல். ஒரு பயிருக்கு எங்கள் மொழியில் பாட்டு நூலே வந்துவிட்டது என்றால், அந்தப் பயிர் எங்கள் வாழ்க்கையில் எவ்வளவு ஊறியிருக்க வேண்டும்! அதே 1869இல்தான் பதுளைப் பக்கம் மடுல்சீமையில் ஒரு தோட்டத்தில் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொட்டுகள் தோன்றின.

அந்தப் பொட்டை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். இலையைத் திருப்பினால், யாரோ மஞ்சளும் குங்குமமும் குழைத்துத் தொட்டு வைத்ததுபோல் வட்டம் வட்டமாக இருக்கும். விரலால் தடவினால் பூந்துகள் போன்ற செம்மஞ்சள் தூள் ஒட்டும். ஊதினால் பறந்துவிடும். அந்தத் தூள் ஒவ்வொன்றும் ஒரு வித்து. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அனுப்பிய இலையைப் பார்த்து, இங்கிலாந்தில் பார்க்லி என்ற பூஞ்சை அறிஞர் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பெயரின் பின்பாதிக்கு நாசகாரி என்று பொருள்.

முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இலை உதிர்ந்தது, மறுபடி துளிர்த்தது. விலையும் ஏறிக்கொண்டிருந்தது, நோய் தின்ற நஷ்டத்தை விலை மறைத்தது. இன்னும் காட்டை வெட்டி இன்னும் நட்டார்கள். ஆனால் இலையை இழந்து இழந்து செடி இளைத்தது. காய்ப்பு வருடத்துக்கு வருடம் குறைந்தது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து இரண்டு வருடம் ஆராய்ந்தார். காற்றில் பறக்கும் வித்து இலையடியில் ஈரத்தில் முளைத்து, இலையின் மூச்சுத் துவாரம் வழியாக உள்ளே நுழைகிறது என்று காட்டினார். மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிர் நின்றதால் நோய்க்குத் தடையே இல்லாமல் போனது என்றும் எடுத்துச் சொன்னார். கண்டுபிடிப்பு சரி, காலம் கடந்துவிட்டது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்தான போர்தோக் கலவை பிரான்சில் வெளிவந்ததே 1885இல்தான். அதற்கு முந்திய வருடம், 1884இல், கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி கதவடைத்துவிட்டது. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல்; அது வந்தபோது ஏற்றிப் போகக் கோப்பி அருகிக்கொண்டிருந்தது.

துரைமார் சிலகாலம் சிங்கோனா நட்டுப் பார்த்தார்கள், பிறகு தேயிலைக்கு மாறினார்கள். கோப்பித் தூரைப் பிடுங்கிய குழியிலேயே தேயிலைக் கன்று இறங்கியது. தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். பெண்களின் கை வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக லயம் நிறைந்தது. வந்துபோகிறவர்கள் இருந்துவிட்டார்கள். இந்த மலையைத் தங்கள் ஊர் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இலங்கையில் பிறந்தோம் என்று சொன்னது மட்டும் போதவில்லை. தகப்பன் இங்கே பிறந்தவரா, அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது சட்டம். பிரசவம் லயத்துக் காம்பராவில் நடந்த காலம் அது. பத்திரத்துக்கு யார் எங்கே போவார்கள்? எங்கள் மக்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தக் காயம் சட்டப்படி ஆறி முடிய 2003 வரை ஆனது. அப்பாயி அன்று சொன்ன "பாட்டன் பூட்டன் காலத்துப் பேரு" என்ற சொல்லின் கனம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. பூட்டன் இருந்தார். கோப்பிமலையில் குழி வெட்டினார். அவர் இருந்ததற்கு அந்த மலையின் பெயர் ஒன்றே சாட்சியாக நின்றது.

ஓய்வு பெற்றபின் எல்கடுவை வீதியோரம் இருபது பேர்ச் நிலத்தில் வீடு கட்டினோம். முதல் வேலையாகப் பழைய தோட்டத்துக்குப் போய், பீலிக்கு மேலே நின்ற அந்தச் செடியின் வழியில் வந்த ஒரு செடியில் பழம் பறித்து வந்தேன். இன்றைக்கு என் வீட்டில் ஒன்பது கோப்பிச் செடிகள் நிற்கின்றன. நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வேண்டியவர்கள் செய்து பாருங்கள்.

நன்றாகச் சிவந்த பழத்தை, செடியின் நடுக்கிளையிலிருந்து எடுங்கள். தோலைப் பிதுக்கி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காய்ந்த கொட்டையும் பல மாதம் கிடந்த கொட்டையும் முளைக்காது. தவறணையில் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி, விரல் நுனி ஆழத்தில் வைத்து, சருகு போட்டு மூடுங்கள். ஆறேழு வாரம் பொறுக்க வேண்டும். ஒருநாள் காலையில் வெள்ளைத் தண்டு கொட்டையைத் தலையில் சுமந்துகொண்டு எழுந்து நிற்கும், தொப்பி போட்ட பிள்ளை மாதிரி. பிறகு தொப்பி கழன்று, வட்டமான இரண்டு இலைகள் பட்டாம்பூச்சிபோல் விரியும். அப்போது பைக்கு மாற்றலாம். மழை தொடங்கும் காலத்தில், ஒன்றரை முழக் குழியில் மக்கிய சாணமும் மேல்மண்ணும் நிரப்பி நடுங்கள்.

நான் முதலில் நட்ட நான்கு கன்றுகளைத் திறந்த வெயிலில் வைத்தேன். மூன்றாம் வருடம் கிளை ஒடியக் காய்த்தன. ஊரே வந்து பார்த்தது. அடுத்த வருடம் நுனியிலிருந்து கருகி இரண்டு செத்தன. நிழல் இல்லாத கோப்பி தன் சக்திக்கு மேல் காய்க்கும். காயைக் காப்பாற்ற வேரையும் கிளையையும் தின்னும். அதன்பின் முள்முருக்கும் கிளிரிசிடியாவும் நட்டேன். பலாவுக்கும் கமுகுக்கும் இடையில் மற்றக் கன்றுகளை வைத்தேன். முருக்கில் மிளகைப் படரவிட்டேன். கண்டி நாட்டுக் கிராமத்தவர் ஆதியிலிருந்தே தங்கள் வீட்டுத்தோட்டத்தில் செய்தது இதைத்தான். கோப்பிக்காலத்தின் தொடக்கத்தில் ஏற்றுமதியில் பெரும்பங்கு அந்தத் தோட்டங்களில் விளைந்தது. நிழல் அடர்ந்துவிடக்கூடாது. மழைக்கு முன் முருக்கின் கிளையைக் கழித்து, அந்த இலையையே தூரில் போட்டுவிடுங்கள்.

செடி நெஞ்சுயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். தண்டிலிருந்து நேராக மேலே போகிற துளிர்களை ஒடித்துவிடுங்கள். ஆனால் பக்கவாட்டில் போகிற முதல் கிளையை அடியோடு வெட்டிவிடாதீர்கள். அந்தக் கணுவில் மறுபடி அதுபோல் கிளை வராது. கவ்வாத்துக் கத்தி பிடித்த என் அம்மாவின் கை இதைச் சொல்லாமலே அறிந்திருந்தது.

மாசி வெயிலில் செடி வாடினாற்போல் நிற்கும். பயப்படாதீர்கள். மொட்டு அந்த வாட்டத்தில்தான் காத்திருக்கிறது. ஒரு நல்ல மழை விழுந்து எட்டாம் பத்தாம் நாள், விடியும்போது கிளை முழுவதும் வெள்ளையாக இருக்கும். வாசலைத் திறக்குமுன்னே மணம் வந்துவிடும். இரண்டு மூன்று நாள்தான். பிறகு பூ உதிர்ந்துவிடும். அதிலிருந்து எட்டொன்பது மாதம் காத்திருந்தால் பழம். ஒரு கொத்தில் ஒன்று சிவந்திருக்கும், பக்கத்தில் இருப்பது பச்சையாக இருக்கும். உருவி எடுக்கக்கூடாது. சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். அன்றைக்கே தோல் நீக்கி, ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, வழவழப்புப் போகக் கழுவி, மேலுறை மொறுமொறுக்கும்வரை காயவையுங்கள். வறுக்கும்போது ஒரு பிடி கொத்தமல்லி சேர்ப்பது அப்பாயியின் கைப்பக்குவம்.

மஞ்சள் பொட்டு இன்றும் வருகிறது. வந்த இலையைப் பறித்து எரித்துவிடுவேன். ஒன்பது செடி, நடுவே பலா, கமுகு, மிளகு. அது ஒரு செடியில் வந்தாலும் என் தோட்டத்தை அழிக்க முடிவதில்லை. மொட்டை மலையில் ஒன்றையே நட்டு, நோயைப் பார்த்தபிறகும் மேலும் மேலும் நட்ட பேராசைக்குத்தான் கோப்பி பலியானது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மலையக இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிழல் விழுகிற இடத்தில் ஒரு கோப்பிக் கன்று வையுங்கள். உங்கள் தோட்டத்து மலைகளுக்கும் கான்களுக்கும் இருக்கிற பெயர்களை, சொல்லத் தெரிந்த கிழவிகள் இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எதற்கு வந்தோம் என்று உங்கள் பிள்ளை கேட்டால், அந்தச் செடியின் அருகில் நிற்கவைத்துச் சொல்லுங்கள்: நாம் முதலில் வந்தது கோப்பிக்கு.